நெஞ்சுவலி என்று வருகிறவர்கள்



நமது மருத்துவமனையில் வியாழக்கிழமைதோறும் ஆண்களுக்கென்று நடைபெறும் கூட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "ஆண்களுக்குத் தனியாகக் கூட்டம் எதற்கு? டீக்கடையில்தான் நாள் முழுவதும் பேசுகிறார்களே" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். டீக்கடையில் அரசியல் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்தவன் கடனைப் பற்றியும் பேசுவார்கள். தன் கடனைப் பற்றிப் பேசுகிற ஆணை அங்கே நான் இதுவரை கண்டதில்லை.

"மனசு சரியில்லை" என்று சொல்லி எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிற ஆண்கள் மிகச் சிலரே. நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் வரவில்லை, பின்கழுத்து வலிக்கிறது என்று வருவார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். மனச்சோர்வு நோய் ஆண்களிடத்தில் பல வேளைகளில் கண்ணீராக வெளிப்படாமல், எரிச்சலாகவும் குடியாகவும் உடல்வலியாகவும் வெளிப்படுகிறது. வீட்டாரோ அதைக் குணக்கேடு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் மூன்று மாதத்தில் மூன்று முறை நெஞ்சுவலி என்று வந்து படுத்தார். மூன்று முறையும் கட்டிலருகே நின்று ஜெபித்தேன். "ஆண்பிள்ளை நீங்கள், தைரியமாயிருங்கள்" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். நான்காம் முறை பூச்சிமருந்து குடித்தவராக அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேவகிருபையினாலும், இரவு பகலாக உழைத்த நர்ஸம்மாக்களாலும் பிழைத்தார். பேச்சு வந்தபின் என்னிடம் சொன்னார்: "ஐயா, நீங்க ஜெபம் பண்ணுனீங்க. என்ன ஆச்சுன்னு கேக்கலையே." செமினரியில் எனக்கு எபிரெயுவும் கிரேக்கும் கற்றுத்தந்தார்கள். அவருக்குப் பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. (அவருடைய சம்மதத்தோடேதான் இதை எழுதுகிறேன்.)

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் மரித்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். பத்துப் பேரில் ஏழு பேர்! இத்தனைக்கும் மனச்சோர்வு நோய் பெண்களிடமே அதிகமாகக் காணப்படுகிறது. பெண்கள் தாயிடமோ அக்காளிடமோ சொல்லி அழுதுவிடுகிறார்கள், ஆண்கள் வெளியே சொல்வதில்லை என்பது இதற்குக் காரணங்களில் ஒன்று.

ஒரே பாரமுள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏறக்குறையத் தற்செயலாகவே கண்டுகொண்டது. 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டினார். செலவைத் தாங்கியது அந்நகரிலுள்ள இம்மானுவேல் ஆலயம். எடை பார்ப்பது, ஓய்வு, சுத்தமான காற்று, ஆகாரம் பற்றிப் போதிப்பது, இவ்வளவுதான் அவர் நினைத்தது. ஆனால் வெவ்வேறு இனத்தாரும் சபையாருமான அந்த நோயாளிகள் ஒருவரையொருவர் தேற்றித் திடப்படுத்துவதைக் கண்டார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். அன்று காணிக்கை போட்டவர்களுக்கு, தாங்கள் எதைத் தொடங்கிவைக்கிறோம் என்று தெரிந்திருக்காது!

முப்பது ஆண்டுகள் கழித்து, 1935இல், பில் என்ற பங்குச்சந்தைத் தரகர் ஆக்ரன் நகரில் தங்கியிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மீண்டும் குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். ஒரு போதகரின் உதவியால் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அப்படித்தான். பில் அங்கே புத்தி சொல்லப் போகவில்லை, தன் கதையைச் சொல்லப் போனார். இந்த வித்தியாசத்தைப் பிரசங்கிகளாகிய நாங்கள்தான் கடைசியாகப் புரிந்துகொள்ளுகிறோம்.

எங்கள் கூட்டத்திலும் புத்திமதி சொல்லக்கூடாது. "என் மச்சானும் இப்படித்தான்" என்று தொடங்கக்கூடாது, தன்னைப்பற்றி மட்டுமே பேசவேண்டும். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. கைமாற்று கேட்கக்கூடாது (இது அனுபவத்தில் சேர்த்த விதி). எந்த மதத்தாரும் வரலாம். மனநல ஆலோசகர் ஒருவர் உடனிருப்பார். நானும் இருப்பேன், ஆனால் பிரசங்கம் கிடையாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நல்ல நண்பர்களாயிருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து பரவிய ஆண்களுக்கான பட்டறைகளைப் பற்றி ஆலோசகர் அப்போது சொன்னார். ஓய்வுபெற்ற ஆண்கள் சேர்ந்து மரவேலையும் பழுதுபார்ப்பும் செய்யும் இடங்கள் அவை. ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசத் தயங்குவார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்தால் பேசுவார்கள் என்பது அங்கே கண்ட அனுபவம். மூன்றாம் வாரம் வார்டிலிருந்த பிய்ந்த ஒயர் நாற்காலிகளை நடுவில் போட்டோம். இரண்டாவது நாற்காலி பின்னி முடிவதற்குள், ஒருவர் தலை நிமிராமலே, மகன் தன்னோடு பேசி நான்கு வருடமாகிறது என்றார். சற்றுநேரம் கழித்து எதிரே இருந்தவர், "எனக்கு ஆறு வருஷம்" என்றார்.

கூட்டம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லவேண்டும். நெடுங்காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரிடம் வரவேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்துவதும், விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்வதும் தவறு. சாக நினைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வியாழக்கிழமை வரை காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். அப்படிக் கேட்பதினால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. இரவு நேரமானால் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 உண்டு, தமிழிலும் பேசலாம்.

வெல்டிங் சகோதரர் இப்போது வியாழன்தோறும் முதல் ஆளாக வந்து கதவைத் திறக்கிறார். சக்கரம் உடைந்த ஸ்ட்ரெச்சர்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மாலை 5.30 மணிக்குக் கூட்டம், பழைய எக்ஸ்ரே அறையில். பெயர் பதிவும் கட்டணமும் இல்லை, டீ உண்டு. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, தூரத்திலிருந்து வருகிறவர்களின் பஸ் கட்டணத்துக்குப் போகிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை குருவானவர்