கண் பிதுக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை: ஒப்பனையா, மருத்துவமா?

புதுதில்லி: தைராய்டு நோயால் கண்கள் பிதுங்கி, பார்வை நரம்பு நசுங்கும் நிலைக்கு ஆளானவர்களுக்குக் கண்குழியின் எலும்புச் சுவரை அகற்றி இடமளிக்கும் அறுவைச் சிகிச்சை, நாட்டின் பெரிய கண் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. ஆனால், இது பார்வையைக் காக்கும் மருத்துவமா அல்லது முகத் தோற்றத்தைச் சீராக்கும் ஒப்பனையா என்ற கேள்வி, காப்பீட்டு விண்ணப்பம் முதல் ஊனச் சான்றிதழ் வரை இந்த நோயாளிகளைப் பின்தொடர்கிறது.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதற்கு முக்கியக் காரணமான கிரேவ்ஸ் நோயை, 1835-ல் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சொந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது இது. அதே தாக்குதல் கண்ணுக்குப் பின்னால் உள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்கச் செய்யும்போது தைராய்டு கண் நோய் உண்டாகிறது. பெண்களை அதிகம் பாதிக்கும் இந்நோய், ஆண்களிடமும் புகைபிடிப்போரிடமும் கடுமையாகக் காணப்படுகிறது.

இடப் பற்றாக்குறை

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி லிட்டர் மட்டுமே. நான்கு புறமும் எலும்பு. உள்ளே தசைகள் வீங்கினால் விரிந்துகொடுக்க வழியில்லாமல், விழி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. இமைகள் முழுமையாக மூடாததால் கருவிழி உலர்ந்து புண்ணாகிறது. தசைகள் இறுகுவதால் ஒரே பொருள் இரண்டாகத் தெரிகிறது. குழியின் பின்முனையில் வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெருக்கினால், நிறங்கள் மங்கி, பார்வையே பறிபோகும் அபாயம் ஏற்படுகிறது.

தொடக்கத்தில் தோன்றும் சிவப்பும் நீர்வடிதலும் சாதாரணக் கண் ஒவ்வாமையாகக் கருதப்பட்டுச் சொட்டு மருந்தோடு காலம் கடந்துவிடுவது உண்டு. சிலருக்குத் தைராய்டு பரிசோதனையின் முடிவு இயல்பாக இருக்கும்போதே இந்நோய் வருவதும் குழப்பத்தை அதிகரிக்கிறது.

இரு வேறு தருணங்கள்

பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால் முதலில் நரம்பு வழியாக அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்படுகிறது. ஓரிரு வாரங்களில் முன்னேற்றம் இல்லையெனில் அறுவைச் சிகிச்சை அவசரமாகிறது. மூக்கை ஒட்டிய, தாள் போல் மெல்லிய உட்சுவர், கண்ணுக்குக் கீழுள்ள தளம், நெற்றிப்பொட்டுப் பக்கத்து வெளிச்சுவர் ஆகியவற்றில் தேவையான பகுதி அகற்றப்படுகிறது. வீங்கிய திசு அருகில் உள்ள சைனஸ் அறைகளுக்குள் இடம்பெயர, நரம்பின் மீதான அழுத்தம் குறைகிறது. பெரும்பாலும் முகத்தில் தழும்பு வெளியே தெரியாத வகையில் இமையின் உட்புறம் அல்லது மூக்கு வழியாகவே இது செய்யப்படுகிறது.

நரம்புக்கு ஆபத்து இல்லாதவர்களுக்கு அணுகுமுறை வேறு. நோயின் சீற்றம் தணிந்து, சுமார் ஆறு மாதங்கள் மாற்றமின்றி இருந்த பிறகே கத்தி எடுக்கப்படுகிறது. முதலில் கண்குழி, அடுத்து மாறுகண், இறுதியாக இமை என்பதே முறையான வரிசை. அகற்றப்படும் சுவர்களைப் பொறுத்து 2 முதல் 6 மில்லி மீட்டர் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் விழி உள்வாங்குகிறது. புதிதாக இரட்டைப் பார்வை தோன்றுவதும் கன்னத்தில் மரத்துப்போவதும் இதன் பக்கவிளைவுகள். பார்வையிழப்பு அரிதெனினும் நேரக்கூடியதே.

விதி என்ன சொல்கிறது?

சர்ச்சை எழுவது இந்த இரண்டாவது தருணத்தில்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொதுவான விலக்குகளின்படி, ஒப்பனை அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் பொருந்தாது. ஆனால், அத்தகைய தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே சான்றளிக்க வேண்டும்.

நரம்பு நசுங்கியவருக்கு இந்த வாசகம் போதுமானது. இமை மூடாமல் உறங்கி, கருவிழி மெல்ல உலர்ந்துவருபவருக்கு ஆபத்து உண்டு. அது உடனடியானதா என்பதே வாதத்துக்குரியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் 2016-ல் நிறைவேறியபோது, அங்கீகரிக்கப்பட்ட ஊன வகைகள் 7-லிருந்து 21 ஆக உயர்ந்தன. எனினும், பார்வைக் குறைபாடு கூர்மையையும் பார்வைப் பரப்பையும் கொண்டே அளவிடப்படுகிறது. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே தெளிவாகவும் இரண்டும் சேர்ந்தால் இரட்டையாகவும் தெரியும் ஓட்டுநருக்கோ இயந்திரத் தொழிலாளிக்கோ வேலை பறிபோகலாம். அந்த அளவுகோலில் அவருக்குக் குறைபாடு பதிவாகாது.

கண்புரையைத் தாண்டி

1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் முதன்மை இலக்கு கண்புரை. அதற்குக் காரணம் உண்டு. 2015-19 தேசிய ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதம் கண்புரையால் நேர்ந்தது. தைராய்டு கண் நோயோ 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட, குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினரை அதிகம் தாக்குகிறது. கண்குழி அறுவைச் சிகிச்சை வல்லுநர்களோ 1967-ல் தொடங்கப்பட்ட தில்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் போன்ற உயர்நிலை மருத்துவமனைகளிலும் பெருநகரங்களிலுமே உள்ளனர்.

2020 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த டெப்ரோடுமுமாப் மருந்து விழிப் பிதுக்கத்தைக் குறைக்கிறது. ஆனால், அங்கு முழுச் சிகிச்சைக்கு ஆகும் செலவு இந்திய மதிப்பில் கோடிகளைத் தொடும். செவித்திறன் பாதிப்பும் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. எனவே, இந்திய நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை ஸ்டீராய்டும் அறுவைச் சிகிச்சையுமே.

செலவில்லாத தடுப்பு ஒன்றும் உண்டு: புகைபிடிப்பதைக் கைவிடுவது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2016 முதல் சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெறுகிறது. புகைபிடித்தால் பார்வை பறிபோகும் என்று ஆஸ்திரேலியப் பெட்டிகள் எச்சரித்துள்ளன. இந்தியப் பெட்டிகளில் முன்னிறுத்தப்பட்டது புற்றுநோயே.

தைராய்டு நோயாளிகள் அனைவருக்கும் தொடக்கத்திலேயே கண் பரிசோதனை, சீரமைப்பு அறுவைச் சிகிச்சையை ஒப்பனையிலிருந்து பிரித்துக் கூறும் தெளிவான வாசகம், இரட்டைப் பார்வையையும் கணக்கில் கொள்ளும் ஊன மதிப்பீடு ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. விதிகளைத் திருத்தினாலே போதும். அதுவரை, மருத்துவரின் சான்றிதழில் 'கண் பிதுக்கம்' என்று மட்டும் எழுதப்படுகிறதா, 'கருவிழிக்கு ஆபத்து' என்றும் சேர்த்து எழுதப்படுகிறதா என்பதிலேயே பலரது சிகிச்சையின் கதி அடங்கியிருக்கும்.