ஒரு பைசாத் திருத்தம்

லினக்ஸ் கையேடுகளில் பிழை பார்ப்பது புகழ் இல்லாத, அநேகமாகச் சம்பளமும் இல்லாத வேலை. ஆனால் அங்கே தவறும் ஒரு வரி, பல வருஷச் சேமிப்பைத் துடைத்துவிடும். தமிழில் இந்த வேலைக்கு ஆள் தேவை.

புனேவிலிருந்து லோனாவ்ளா போகும் லோக்கல் ரயிலின் பாதையில் இருக்கிறது தளேகாவ். 1908-ல் இங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. பணம் வந்த விதம்தான் விசேஷம். அந்தாஜி தாமோதர் காளே என்பவரின் யோசனைப்படி, ஆளுக்கு ஒரு பைசா என்று வசூலித்த 'பைசா ஃபண்ட்' அது. திலகர் பின்பலமாக நின்றார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்ணாடித் தொழில் கற்று வந்த ஈஸ்வர தாஸ் வர்ஷ்ணே ஆட்களைப் பயிற்றுவித்தார். ஒரு பைசாவில் கண்ணாடி டம்ளர்கூட வாங்க முடியாது. ஆனால் பைசாக்கள் சேர்ந்ததும் உலை எரிந்தது.

அந்தக் கணக்கு இந்த வட்டாரத்தில் வேறு ரூபத்தில் இன்னும் நடக்கிறது. இம்முறை வசூலாவது பைசா அல்ல. ஒரு கமா, ஒரு சொல், ஒரு வரி. சேருமிடம் லினக்ஸ்.

1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கரு இன்று நம் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருக்கிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உள்ளே எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்பதே இதன் அடிப்படை. இவ்வளவும் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. சாஃப்ட்வேரோடு கூடவே வரும் விளக்க நூல்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அவற்றை எழுதுவதிலும் புரோகிராமர்களுக்குப் பெரிய உற்சாகம் கிடையாது. கல்யாணச் சமையல்காரரிடம் பாத்திரம் துலக்கச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் மூலவர்கள் அப்படி இல்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேட்டை கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று வரிசையான தலைப்புகள். அவற்றில் ஒன்று 'பிழைகள்'. எங்கள் சரக்கில் இன்ன குறை இருக்கிறது என்று தயாரித்தவர்களே அச்சடித்துக் கொடுத்தார்கள். பிரஷர் குக்கரோடு வரும் சிற்றேட்டில் இப்படி ஒரு தலைப்பை நீங்கள் பார்த்திருக்க முடியாது. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் அந்தத் தலைப்பு இன்றும் தொடர்கிறது.

கையேட்டில் தவறு இருந்தால் என்ன, புத்திசாலி சமாளித்துக்கொள்வான் என்பது பொதுவான எண்ணம். 2018-ல் 'போஸ்ட்கிரெஸ்' என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரைச் செய்பவர்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 'எழுதியதெல்லாம் டிஸ்க்கில் பதிவாகிவிட்டதா, உறுதி செய்' என்று கேட்க லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. பெயர் 'எஃப்சிங்க்'. 'இல்லை, தவறு நேர்ந்தது' என்று பதில் வந்தால் திரும்பக் கேட்கலாம், இரண்டாம் முறை 'சரி' என்று வந்தால் எல்லாம் பத்திரம் என்று அவர்கள் பல வருஷங்களாக நம்பி வந்தார்கள். நடந்ததோ வேறு. முதல் முறை தவறைச் சொல்லிவிட்டு, பதிவாகாத பகுதியையும் பதிவானதாகக் கணக்கில் வைத்துக்கொண்டது லினக்ஸ். எனவே இரண்டாவது 'சரி'க்கு அர்த்தமே இல்லை. தகவல் போயே போய்விட்டது. கையேட்டைப் படித்தவர்களுக்கு இந்த நுணுக்கம் தெளிவாகத் தெரிய வழியில்லாமல் இருந்தது. 2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் தன் வழியை மாற்றியது: அந்தக் கட்டளை ஒருமுறை தோற்றாலே வேலையை நிறுத்திவிட்டு, பழைய பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்கும். கையேட்டுப் பக்கங்களும் இந்தக் காலகட்டத்தில் விளக்கம் கூட்டப்பட்டன. வங்கிக் கணக்கும் டிக்கெட் முன்பதிவும் தங்கியிருப்பது இந்த வகைச் சாஃப்ட்வேர்களில்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தேவையில்லாமல் பயமுறுத்துவது. ரகசிய எண்களை உருவாக்க லினக்ஸில் இரண்டு ஊற்றுகள். ஒன்று தாராளமாகத் தரும். மற்றது 2020 வரை சில சமயம் 'காத்திரு' என்று நிறுத்திவைத்தது. தாராளமானதை நம்பாதே என்கிற தொனியில் கையேடு எச்சரித்ததால் பல புரோகிராமர்கள் மற்றதைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் நிற்கும் புரோகிராம்களோடு மல்லுக்கட்டினார்கள். இயந்திரம் விழித்தெழும் ஆரம்பக் கணங்களைத் தவிர்த்தால், தாராளமானதே போதும் என்று அந்தப் பக்கம் பின்னால் திருத்தி எழுதப்பட்டது.

புரோகிராமில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு 2011-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 'பம்பிள்பீ' என்ற துணை சாஃப்ட்வேரை நிறுவும் வரிகளில், அழிக்கவேண்டிய அடைவின் முகவரி நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. விளைவு, உள்ளே இருந்த சிறு அடைவுக்குப் பதிலாக, இயந்திரத்தின் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் குடியிருக்கும் பெரிய அடைவே அழிந்தது. கையேட்டிலிருந்து ஒரு கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிற வாசகர் அதே ஆபத்தில்தான் இருக்கிறார். அச்சுக்கோப்பில் அழகுக்காக இரண்டு சிறு கோடுகளை ஒரு நீளக் கோடாக மாற்றினால்கூடக் கட்டளை செத்துவிடும். பத்திரிகையில் பக்கத்துக்குப் பொலிவு சேர்க்கும் பழக்கம் இங்கே விஷம்.

திருத்துவது எப்படி? முதலில் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். ஒரு பதிப்பில் தவறானது அடுத்ததில் சரியாக இருக்கலாம். கையேடு சொல்வதைச் சொந்த இயந்திரத்தில் செய்து பார்க்க வேண்டும். பிறகு பழைய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, புதிய வரிக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு, ஏன் மாற்றினேன் என்று சுருக்கமாக எழுதி, பராமரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் கேள்வி கேட்பார், திருப்பி அனுப்புவார், ஒருநாள் ஏற்றுக்கொள்வார். தமிழ் எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் படித்தவர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. பழைய பாடம், புதிய பாடம், கொண்டதற்குக் காரணம். ஏடு எழுதியவர் செய்த பிழை ஓலைக்கு ஓலை தொற்றியது போலவே, மூலக் கையேட்டில் திருத்திய பிறகும் பழைய வரி ஆயிரம் இடங்களில் நகலாகி வாழ்ந்துகொண்டிருக்கும். உ.வே.சா.வுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரிந்திருக்கும்.

பராமரிப்பாளர் என்றதும் பெரிய அலுவலகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களை 2004-லிருந்து பதினைந்து வருஷங்களுக்கு மேல் கவனித்துவந்தவர் மைக்கேல் கெரிஸ்க் என்ற ஒருவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அலெஹாண்ட்ரோ கொலோமார், 2024 செப்டம்பரில் வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். ஓய்வு நேரத்தில் செய்து வந்தேன், எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். உலகின் பெரிய கம்பெனிகள் அன்றாடம் புரட்டும் கையேட்டுக்கு இந்தக் கதி. சில கம்பெனிகள் பின்னர் ஒன்று சேர்ந்து பணம் கொடுக்க முன்வந்ததால் வேலை மீண்டும் தொடங்கியது. பைசா ஃபண்ட் நடத்தியவர்கள் கொஞ்சம் முன்னதாகவே உண்டியல் வைத்திருப்பார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில் புனேவின் பங்கு பெரிது. 1988-ல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸ் வியாபாரத்தில் முன்னணியில் உள்ள ரெட் ஹேட் கம்பெனியும் புனே அலுவலகத்தில் இந்திய மொழிகளுக்கு ஆட்களை வைத்தது. தமிழும் அதில் ஒன்று. தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கான 'லோஹித்' எழுத்துருக்களை 2004-ல் அது இலவசமாக வெளியிட்டது. மெனுக்களில் அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரே மாதிரியான சொல்லைத் தீர்மானிக்க, 'ஃப்யூயல்' என்ற முயற்சி 2008-ல் இங்கிருந்து தொடங்கியது. ஒரு புரோகிராமில் 'அடைவு', அடுத்ததில் 'கோப்பகம்', இன்னொன்றில் 'டைரக்டரி' என்று இருந்தால், படிப்பவர் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பதில் என்ன தப்பு?

சொற்களைவிடச் சிக்கலானது வாக்கியம். பத்துக் கோப்புகளில் மூன்று நகலாகிவிட்டன என்று புரோகிராம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று முதலில் வரும், பத்து பிறகு. தமிழில் இயல்பான வரிசை தலைகீழ். மொழிபெயர்ப்பாளரிடம் வருவது எண்கள் அல்ல. எண்கள் வந்து உட்காரப்போகும் இரண்டு காலி இடங்கள். எந்த இடத்தில் எது என்று அவர் குறித்துக் கொடுக்காவிட்டால், திரையில் 'மூன்று கோப்புகளில் பத்து நகலாகின' என்று வரும். ஓர் இடத்தில் எண்ணும் மற்றதில் சொல்லும் இருந்து அவை மாறிவிட்டால் புரோகிராமே விழுந்துவிடலாம். அந்த வகைத் தவறைப் பிடிக்கச் சோதனைக் கருவி இருக்கிறது. ஆனால் இரண்டுமே எண்ணாக இருந்தால் கருவி ஆட்சேபிக்காது. மூன்றில் பத்து எப்படி என்று கேட்கத் தமிழ் படிக்கும் மனிதர் ஒருவர் வேண்டும்.

நேரடியாகப் பெயர்த்தால் விபரீதமாகும் இடங்கள் வேறு. லினக்ஸில் ஒரு புரோகிராம் மற்றொன்றைத் தொடங்கி வைத்தால் முன்னது பெற்றோர், பின்னது பிள்ளை. நிறுத்தும் கட்டளையின் பெயர் 'கில்'. அகராதியை மட்டும் நம்பினால் கையேடு கொலைக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பது அப்படியல்ல. 1983-ல் இந்த இயக்கத்தை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டால்மேன் சொன்னது விலையை அல்ல, சுதந்திரத்தை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. மொழிபெயர்ப்பவர் தேர்ந்தாக வேண்டும். உரிமம் பற்றிய பக்கத்தில் 'இலவசம்' என்று போட்டால், நகலெடுத்துத் திருத்தி விற்கவும் உரிமை உண்டு என்ற முக்கியமான செய்தி காணாமல் போகிறது. 'கட்டற்ற மென்பொருள்' என்ற தொடர் நிலைபெற்றது தமிழுக்கு ஒரு லாபம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் போன்ற முயற்சிகளுக்கு அதில் பங்குண்டு.

ஆங்கில மூலம் மாறும்போது தமிழ் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான பிரச்சினை. மெனுக்களையும் செய்திகளையும் கையாளும் ஏற்பாடு ஒன்று உண்டு: மூல வரி மாறினால் பழைய தமிழ் வரியை 'சந்தேகம்' என்று குறித்துவைத்துவிட்டு, யாராவது சரிபார்க்கும்வரை ஆங்கிலத்தையே காட்டும். தப்பான தமிழைவிடச் சரியான ஆங்கிலம் மேல் என்ற முடிவு அது. வருத்தமாக இருந்தாலும் நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பலனாகத் திரையில் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பார்ப்பவர் எரிச்சலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார். மாற்றிய பிறகு தமிழில் பிழை இருப்பதே அவர் கண்ணில் படாது. படாததை யாரும் புகார் செய்வதில்லை. புகார் வராததால் பிழை இல்லை என்று கணக்காகிறது. இந்த வட்டத்தில்தான் தமிழ் சிக்கியிருக்கிறது.

இதில் தமிழ் மட்டுமே லாபம் பெறும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கையேட்டை மொழிபெயர்ப்பாளரைப் போல வரிவரியாகப் படிப்பவர் வேறு யாரும் இல்லை. எழுதியவரே திரும்பப் படித்திருக்க மாட்டார். ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்கள் கையேட்டுப் பக்கங்களைப் பெயர்க்கும்போது ஆங்கில மூலத்திலேயே கண்ட பிழைகளைத் தொகுத்து அனுப்புவது வழக்கம். அர்த்தம் புரியாத வாக்கியத்தை இன்னொரு மொழியில் எழுத முடியாது என்பதால் பிழை தானாக வெளியே வந்துவிடுகிறது.

புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இப்போது இல்லை. ரெட் ஹேட்டின் ஆதரவில் நடக்கும் 'ஃபெடோரா' 2020-ல் தன் மொழிபெயர்ப்பு வேலையை 'வெப்லேட்' என்ற தளத்துக்கு மாற்றியது. ஒரு பக்கம் ஆங்கில வரி, மறுபக்கம் தமிழ் வரி; தவறென்றால் திருத்தலாம், சந்தேகமென்றால் குறிப்பு எழுதலாம். தளேகாவிலிருந்து சிவாஜி நகர் போய்ச் சேருவதற்குள் நாலைந்து வரிகளைப் பார்த்துவிட முடியும். ஜன்னலோர இடம் கிடைத்தால்.

ஒவ்வொரு தமிழ்க் கோப்பின் உச்சியிலும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயர், மற்றதில் கடைசியாகத் திருத்திய தேதி. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அந்தப் பெயர் மாறும், தேதி புதிதாகும். பல தமிழ்க் கோப்புகளில் அந்தத் தேதி சில வருஷங்களாக அப்படியே நிற்கிறது.