எண்ணெய் விளக்கின் எச்சரிக்கை

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் அதுபோன்ற பழைய கார்கள் சில இன்றும் நம் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நள்ளிரவில் நோயாளியை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க அவற்றை நம்பியிருப்போர் உண்டு. அத்தகைய கார்கள் பலவற்றின் முகப்புப் பலகையில் உள்ள ஒரு சிறு சிவப்பு விளக்கைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம். அதுவே எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தை அறிவிக்கும் விளக்கு.

இவ்விளக்கைப் பற்றி இருவகைத் தவறுகள் நேர்கின்றன. "பழைய வண்டி, அப்படித்தான் எரியும்" என்று சிலர் ஓட்டிக்கொண்டே செல்கின்றனர். எண்ணெய் பாயாமையால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடுகிறது. வேறு சிலர் அஞ்சி, எஞ்சினையே பிரித்துவிடுகின்றனர். பழுது ஒரு சிறு சுவிட்சில்தான் என்பது பின்னரே தெரிகிறது. இரண்டிலும் நஷ்டம் வண்டிக்காரருக்கே.

விளக்கு இயங்கும் முறை எளியது. பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவி வழியாகப் பல்புக்கும், அங்கிருந்து ஒரே கம்பியில் எஞ்சின் மீதுள்ள அழுத்தச் சுவிட்சுக்கும் செல்கிறது. அழுத்தம் இல்லாதபோது சுவிட்சு கம்பியை எஞ்சின் இரும்புடன் இணைக்கிறது, விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடி எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அந்த இணைப்பு விடுபடுகிறது, விளக்கு அணைகிறது. எனவே, சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும்.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாவிட்டால், சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றி, எஞ்சினின் சுத்தமான இரும்பில் தொட்டுப் பார்க்கவும். விளக்கு எரிந்தால் குறை சுவிட்சில் உள்ளது. சுவிட்சின் மரையில் வெள்ளை நாடாவைக் கனமாகச் சுற்றியிருந்தாலும் இணைப்பு தடைப்படும். தொட்டும் எரியாவிட்டால் பல்பு, பல்பின் பிடி, பியூஸ், கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எரியாத விளக்கு ஆபத்துக் காலத்திலும் எரியாது என்பதை மறத்தலாகாது.

ஓடும்போது விளக்கு எரிந்தால், உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சமதரையில் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். குறைந்திருந்தால் உரிய எண்ணெயை ஊற்றி, ஒழுக்கு எங்கே என்று தேட வேண்டும்.

மட்டம் சரியாயிருந்தால், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிச் சுவிட்சின் கம்பியைக் கழற்றவும். கழற்றிய பின்னும் விளக்கு எரிந்தால், கம்பி எங்கோ உரசி, உறை தேய்ந்து, இரும்பைத் தொடுகிறது. அணைந்தால் கம்பியில் குறையில்லை; சுவிட்சு கெட்டிருக்கலாம், அழுத்தமே குறைந்திருக்கவும் கூடும். பெட்ரோல் வண்டியில் சாவியை நெடுநேரம் திருப்பி வைத்தால் காயில் சூடேறும். ஆதலின் இச்சோதனையை விரைவில் முடிக்க வேண்டும்.

இறுதித் தீர்ப்பு அழுத்தமானியுடையது. பட்டறையில் சுவிட்சைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியை முடுக்கி எஞ்சினை ஓட்டினால் உண்மை விளங்கும். முள் உரிய அளவுக்கு ஏறினால் சுவிட்சை மாற்றுவதே போதும். ஏறாவிட்டால் எண்ணெய்ப் பம்பு, சல்லடை, பேரிங்குகள் ஆகியவற்றை மெக்கானிக் ஆராய வேண்டும். சூடேறிய பின், மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மினுக்கினால், நீர்த்துப்போன எண்ணெயோ தேய்ந்த பேரிங்கோ காரணமாகலாம்.

அழுத்தமானி சான்று கூறும்வரை விளக்கின் சொல்லை மெய்யென்றே கொள்ளுமாறு வண்டி வைத்திருப்போரைக் கேட்டுக்கொள்கிறோம். நோயாளியுடன் நடுவழியில் நிற்பதைவிட, புறப்படுமுன் ஒரு கணம் அவ்விளக்கை நோக்குவது மேலன்றோ?