போஸ்மன் தீர்ப்பும் காற்பந்துக் கழகங்களின் நிர்வாக உத்தியும்

விளையாட்டுத்துறையில் அறம், சட்டம், நிர்வாக உத்தி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. இதனைப் போஸ்மன் வழக்கின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெல்ஜிய ஆட்டக்காரரான ழான் மார்க் போஸ்மனுக்கும் லியேஜ் கழகத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் 1990-ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆயினும், புதிய கழகம் செலுத்த வேண்டிய மாற்றுத்தொகை தொடர்பான சிக்கலால் அவரால் பிரான்சின் டன்கெர்க் கழகத்தில் சேர இயலவில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தொழிலாளி ஒருவரைப் பழைய முதலாளி தடுத்து வைக்கலாமா என்பதே இங்கு எழுந்த அறவினாவாகும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறோர் உறுப்பு நாட்டின் கழகத்தில் சேர்வதற்கு மாற்றுத்தொகை கோருவது, தொழிலாளரின் தடையற்ற இடப்பெயர்வு உரிமைக்கு முரணானது என 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு கழகங்களின் நிர்வாக முறையை மாற்றியமைத்தது. 1995-இல் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்ற நெதர்லாந்தின் அஜாக்ஸ் கழகம், தான் பயிற்றுவித்த எட்கர் டாவிட்சை 1996-இலும் பாட்ரிக் குளுயிவர்டை 1997-இலும் மாற்றுத்தொகையின்றி இழந்தது. நீண்டகால ஒப்பந்தம் செய்தலும், ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரரை விற்றலும் கழகங்களின் பொது உத்திகளாயின.

இளையோரைப் பயிற்றுவிக்கும் கழகங்களுக்கு நேரும் இழப்பும் ஓர் அறச்சிக்கலே. ஆகவே, ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்திற்குள் மாறும்போது, மாற்றுத்தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் விதியை 2001-இல் ஃபிஃபா கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்து செல்பவர்வழி இப்பங்கு கிட்டுவதில்லை.

சுருங்கக்கூறின், சட்டம் ஆட்டக்காரரின் உரிமையைக் காத்தது. பயிற்றுவித்தோரின் உழைப்பை மதிக்கும் பொறுப்போ நிர்வாகத்தினரையே சார்ந்துள்ளது எனலாம்.