ரசம் சாதம் போதுமா?
"ராத்திரிக்கு ரெண்டு கரண்டி ரசம் சாதம் போதும்மா." எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு. வயிறு நிறையும், சரி. தசைக்கு அதில் என்ன கிடைக்கிறது?

வயதாக ஆகத் தசை கரைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர். 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் சூட்டியது. இளைஞரின் தசை சிறிது புரதம் கிடைத்தாலே வளர்ச்சி வேலையைத் தொடங்கிவிடும். முதியவரின் தசையோ கூடுதலாகக் கேட்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் முதியோர் நல நிபுணர்கள். 60 கிலோ எடைக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான்! பருப்பு, தயிர், மீன் என மூன்று வேளைக்கும் பிரித்துப் பரிமாறுங்கள். பல் இல்லையா? சுண்டலைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை. கைகளை மார்பில் கட்டியபடி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால், தசை பலம் குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.