மலையேறிப் பயிரிட்டு, மலையிறங்கி வாழ்ந்தவர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூர், முதலில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர். எனினும் அதன் வணிகச் செழிப்புக்கு ஜமீன் நிலங்களைக் காட்டிலும், மேற்கே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்த ஏலமலைக் காடுகளே காரணமாயின. 1775இல் அமெரிக்காவில் டேனியல் பூன் கம்பர்லாந்து கணவாய்க்கு அப்பால் கென்டக்கியில் கோட்டை எழுப்பிய வரலாறு போன்றவற்றில், முன்னோடிகள் காட்டை அழித்து, வேலியிட்டு, அங்கேயே ஊராகிவிடுவதைக் காண்கிறோம். போடிமெட்டு, கம்பம்மெட்டு முதலிய மெட்டுகள், அதாவது மலைக் கணவாய்கள், வழியே ஏறிய கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்களுள் பெரும்பாலோர் அவ்வாறு தங்கவில்லை. அதற்கு அவர்கள் பயிரிட்ட செடியே முதற்காரணம்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிழலும் ஈரமும் இன்றி வளராதது. பழைய முறையில், அடர்ந்த சோலைக்குள் புதர்களை நீக்கி, சில மரங்களை மட்டும் சாய்த்து, வெயில் அளவாக விழும்படி செய்வார்கள். பிறகு முளைத்தெழும் செடிகள் மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். செடியின் அடியிலிருந்து கிளம்பும் பூங்கொத்தாகிய சரத்தில் காய்கள் ஒரே சமயத்தில் முற்றாமல் அடுத்தடுத்து முற்றுவதால், பருவத்தில் பலமுறை காய் எடுக்க வேண்டியிருக்கும். ஆக, காடு காடாகவே நிற்க வேண்டியிருந்தது; குளிரும் காய்ச்சலும் மிகுந்த அக்காட்டில், வேலை முடிந்தபின் குடும்பத்தோடு தங்கியிருக்கத் தேவையும் இல்லை. அக்காடு ஆளற்ற காடுமன்று; மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தம் மரபைச் சொல்லும் முதுவர்களும், மன்னான்களும் அங்கு முன்பே வாழ்ந்தனர். குடியேற்ற வரலாறுகள் இத்தகையோரை எளிதில் மறந்துவிடுகின்றன.

திருவிதாங்கூர் அரசு 1822இல் ஓர் அரச விளம்பரத்தின் மூலம் ஏல விவசாயிகளுக்குப் பாதுகாப்பு உறுதியளித்தது; ஆனால் ஏலம் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தமையால், விளைந்ததை அரசுக்கே ஒப்படைத்து, அது தரும் விலையைப் பெற வேண்டியிருந்தது. கிழக்குச் சரிவின் ஒற்றையடிப் பாதைகளில் காய் கள்ளத்தனமாக இறங்கியதில் வியப்பில்லை. இத்தனியுரிமை 1896இல் நீக்கப்பட்டு, நிலவரி முறை வந்தது. மறு ஆண்டே ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு, ஒரே ஓர் இலக்கத்தை முன்னிட்டு, இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது.

தங்கியவர்கள் வேறு வகையினர். ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதைத் தொடர்ந்து, ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டிப் பயிரிட்டார்கள்; முடிவில் தேயிலையே அங்கு நிலைத்தது. அவர்களுக்கும் போடியே வாசல்: தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சிறிய ரயிலை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான்.

இரண்டாம் உலகப்போர்க்கால உணவுப் பஞ்சத்தின்போதும், 1950களில் அரசுத் திட்டங்களின் வழியாகவும் மேற்கிலிருந்து மலையாளக் குடும்பங்கள் வந்து, வீடு கட்டி, மரவள்ளியும் மிளகும் நட்டு நிலைகொண்டன. மொழிவாரி மாநிலப் பிரிவினை எழுந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெருந்தொகையாக இருந்தும், அவர்களில் பெரும்பகுதியினர் வந்துபோகும் தொழிலாளர் என்பதை ஒரு காரணமாகக் கொண்டு, அவ்வட்டங்களைத் தன்னோடு இணைக்க வேண்டும் என்ற தமிழகத்தின் கோரிக்கையை மாநில மறுசீரமைப்புக் குழு 1955இல் ஏற்க மறுத்தது. பயிரின் இயல்பால் அமைந்த போக்குவரத்து, மக்களின் உரிமைக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது நியாயமன்று. தலைமுறைகளாக ஆண்டுதோறும் ஒரே நிலத்துக்குத் திரும்பியவர்களை வழிப்போக்கர்களாக எண்ண முடியாது. 1956 நவம்பர் 1 அன்று மெட்டுகள் கேரள மாநிலத்தின் எல்லையாயின.

வணிகம் மட்டும் பெரிதாக இடம் மாறவில்லை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தொழிலாளர்கள் இன்றும் விடியலில் ஜீப்புகளில் ஏறி உடும்பஞ்சோலைத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் இறங்குகிறார்கள். அங்கு விளைந்து, ஸ்டோர் எனப்படும் உலர்கூடங்களில் காய்ந்த காய், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் கேரளத்தின் புற்றடியிலும் தமிழகத்தின் போடியிலும் ஏலம் விடப்படுகிறது.