ராஜபாளையத்து ராஜா ஆண்ட மூன்று ஆண்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஊரை விட்டு வெளியேறும் முன்பே மடவார் வளாகம் வந்துவிடும். பிள்ளைப்பேற்று வலியில் துடித்த பெண்ணுக்குத் தாய் வந்து சேர முடியாமல் போக, ஈசனே தாயாக வந்து பேறு பார்த்தார் என்று தலக்கதை சொல்லும் வைத்தியநாதசுவாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயில் வாசலில் இந்து சமய அறநிலையத் துறையின் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது. அந்தத் துறையை ஒரு வாரியம் என்ற நிலையிலிருந்து ஆணையர் தலைமையிலான அரசுத் துறையாக மாற்றியது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்த அரசின் தலைவர், இதே சாலையில் அடுத்த ஊரான ராஜபாளையத்தில் பிறந்தவர். பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா.

ஓமந்தூராருக்கும் ராஜாஜிக்கும் நடுவில் வந்தவர் என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் அவரை ஒரு வரியில் கடந்து போகின்றன. அது சரியான கணக்கே அல்ல. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை மூன்று ஆண்டுகள் அவர் மெட்ராஸை ஆண்டார். இந்தியா குடியரசானதும், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், முதல் பொதுத் தேர்தல் நடந்ததும் அந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான். மாகாணப் பிரதமர் என்ற பதவிப் பெயரோடு நாற்காலியில் அமர்ந்தவர், 1950 ஜனவரி 26 அன்று அதே நாற்காலியில் முதலமைச்சர் ஆனார். மெட்ராஸின் கடைசிப் பிரதமரும் அவர்தான், குடியரசின்கீழ் அதன் முதல் முதலமைச்சரும் அவர்தான்.

1898 ஜூலையில் பிறந்த ராஜா, கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தந்தையும் விரைவில் போய்விட, உறவினர் கையில் வளர்ந்தார். காந்தியின் பேரில் கொண்ட பற்றும் சத்தியமூர்த்தியின் நட்பும் அவரைக் காங்கிரசுக்குள் கொண்டுவந்தன. உள்ளாட்சியில் தொடங்கி, 1934-இல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் சார்பில் டெல்லி மத்திய சட்டமன்றத்துக்குப் போனார். சத்தியமூர்த்தி சென்னையிலிருந்து அதே அவைக்குத் தேர்வானதும் அந்த ஆண்டுதான். சிறைவாசமும் உண்டு. 1946-இல் மாகாணச் சட்டமன்றம், அடுத்து ஓமந்தூரார் அமைச்சரவை, 1949-இல் காமராஜரின் ஆதரவோடு தலைமைப் பதவி என்று படிப்படியாக ஏறியவர். மேடையில் முழங்கிப் பெயர் எடுத்தவர் அல்லர்.

ஆனால் நாட்டின் அரசியல் சட்டம் முதன்முதலாக உரசிப் பார்க்கப்பட்டது அவருடைய அரசின் கோப்புகளில்தான். இதை நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அரசியல் சட்டம் வந்து நான்கு மாதம் ஆகும் முன்னரே, 1950 மே 19 அன்று, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தரப்பு, மெட்ராஸ் அரசு. கோபாலனின் தடுப்புக் காவல் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவைச் செல்லாதென்று அடித்தது. ஒரே வாரத்தில், மே 26 அன்று, ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று மெட்ராஸ் அரசு போட்ட தடையை நீதிமன்றம் ரத்து செய்தது. அமெரிக்காவில் அரசியல் சட்டம் 1789-இல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றைச் செல்லாதென்று சொல்லும் துணிவு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வர 1803 வரை ஆயிற்று. இங்கே நான்கே மாதம் போதுமாக இருந்தது.

மூன்றாவது வழக்குதான் தமிழ்நாட்டை உலுக்கியது. கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிடும் கம்யூனல் ஜி.ஓ. நீதிக்கட்சிக் காலத்தில் பிறந்தது. 1947-இல் ஓமந்தூரார் அரசு அதைத் திருத்தியபடி, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகச் சண்பகம் துரைராஜனும், பொறியியல் இடம் தொடர்பாகச் சீனிவாசனும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையைத் தூக்கி எறிந்தது. பெரியாரின் திராவிடர் கழகமும், ஒரு வயதுகூட நிரம்பாத தி.மு.க.வும் தெருவுக்கு வந்தன.

தீர்ப்பை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ராஜா அரசை யாரும் சட்டப்படி குறை சொல்லியிருக்க முடியாது. அப்படி இருக்கவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அந்தத் தோல்விதான் நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்த வைத்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் திருத்தத்தில் 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கிய வகுப்பாருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளி வீட்டுப் பிள்ளையோ ராஜபாளையத்து மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையோ மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறதென்றால், அந்தப் பாதையில் பெரியார் கிளப்பிய போராட்டமும் உண்டு, ராஜா அரசு விடாமல் நடத்திய வழக்கும் உண்டு. முதலாவதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

அதற்காக அந்த ஆட்சியின் இருண்ட பக்கத்தை மறைக்க முடியாது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள் பலர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. வி.ஜி.ராவ் நடத்திய மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்ததும் இதே அரசு. அதையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 1952 மார்ச் 31-இல் வந்தபோது ராஜா பதவியை விட்டு இறங்கும் தறுவாயில் இருந்தார். காந்தியைத் தலைவராகக் கொண்டவர், தாமும் வெள்ளைக்காரன் சிறையைப் பார்த்தவர், இவ்வளவு பேரைச் சிறையில் வைத்தது தவறு. இப்போதும் அது தவறுதான்.

இன்னொரு கடினமான வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆந்திரத்தைத் தனி மாநிலமாகப் பிரிப்பது குறித்து ஆராய 1949-இல் அமைந்த பிரிவினைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தலைமுறை தலைமுறையாக வாழ்வது தமிழ் மண்ணில். குழுவில் சஞ்சீவ ரெட்டி, பெஜவாடா கோபால ரெட்டி, பக்தவத்சலம், டி.டி.கிருஷ்ணமாச்சாரி எல்லோரும் இருந்தார்கள். சென்னை நகரத்தின் மீதான உரிமையைக் குழுவில் இருந்த ஆந்திரத் தலைவர் பிரகாசம் விட்டுக்கொடுக்கவில்லை, எதிர்க்குறிப்பு எழுதினார். பிரிவினை அப்போதைக்கு நின்று போயிற்று. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர் போன பிறகே, 1953 அக்டோபர் 1 அன்று, சென்னை இல்லாமல் ஆந்திரம் பிறந்தது. வீட்டு மொழி தெலுங்காகவும் ஊர் மொழி தமிழாகவும் உள்ள ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தபோது, எந்தப் பக்கமும் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு நிலைக்காமல் போனது சிறிய காரியம் அல்ல.

பிறகு தேர்தல். மழை பொய்த்த ஆண்டுகள், ரேஷன் அரிசி, உணவுத் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து 1952-இல் காங்கிரசை அடித்தன. 375 இடங்களில் 152-தான் கிடைத்தது. பக்தவத்சலம், கோபால ரெட்டி, மாதவ மேனன் போன்ற அமைச்சர்கள் தோற்றார்கள். முதலமைச்சர் ராஜாவே தம் சொந்தச் சீமையான ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களே, வயது வந்த எல்லோருக்கும் கிடைத்த முதல் ஓட்டைக் கொண்டு, ஆண்டுகொண்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாக்காளர்களை நான் மதிக்கிறேன். தீர்ப்பை ஏற்று ஒதுங்கிக்கொண்ட ராஜாவையும் மதிக்கிறேன். மேலவை வழியாக ராஜாஜி முதலமைச்சரானார்.

1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தார் ராஜா. 1957 மார்ச் மாதம் காலமானார். ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று ஆண்டு ஒரு மாகாணத்தையே ஆண்டவர் ஊருக்கு விட்டுச் சென்றது அது. சென்னையில் அமைச்சர்கள் குடியிருக்கும் கிரீன்வேஸ் சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்க்கிறவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியாது.

மெட்ராஸ் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. கம்யூனல் ஜி.ஓ. பற்றியும் அறநிலையச் சட்டம் பற்றியும் சிறைகள் பற்றியும் அந்த மூன்று ஆண்டுகளில் அவையில் நடந்த பேச்சுகளைத் தொகுத்து ஒரு தமிழ் நூலாகக் கொண்டுவர ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை மனம் வைத்தால் போதும். அச்சுச் செலவை ஏற்கும் வசதி ராஜபாளையத்து மில்களுக்கு உண்டு. புகழ் மாலை வேண்டாம். சேலம் சிறையும் அதில் இருக்க வேண்டும், 15(4)-க்கு வழி திறந்த வழக்கும் இருக்க வேண்டும். படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் அவரைப் பற்றி இன்னொரு முறை தீர்ப்புச் சொல்லட்டும்.